ஓவர்சியர் வீட்டு வீக்கம்

டாக்டர் உமாமகேஸ்வரி கால் மணி நேரம் பொறுமையாகப் பேசினார். அதில் திருஞானசம்பந்தத்தின் காதில் ஒழுங்காக விழுந்தது ஒரே ஒரு சொல்தான். வீக்கம். பக்கத்து நாற்காலியில் இருந்த அன்னபூரணி அப்போதே அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து நான்கு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா, இந்த மனுஷன் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவார் என்று.

இரண்டாம் அலையில் அவருக்குக் கொரோனா வந்து, பத்தொன்பது நாள் ஆக்சிஜனில் கிடந்து, ஒன்பது கிலோ இளைத்து வீடு திரும்பியிருந்தார். கிளம்பும்போது கையில் ‘நெகட்டிவ்’ என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எழுபத்தொரு வயதில் அவருக்குக் கிடைத்த பட்டம் அது. காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஆள் அனுப்பி அதை லேமினேஷன் செய்துகொண்டார். வருகிறவர் போகிறவர்க்கெல்லாம் காட்டினார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மறுபடி காய்ச்சல். கூடத்திலிருந்து குளியலறைக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார். அதனால்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த இந்த நுரையீரல் டாக்டரிடம் வந்தது. வந்ததும் முதல் காரியமாக லேமினேஷன் தாளை மேஜைமேல் வைத்தார்.

“கொரோனா போயிட்டுதுன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குதுங்க.”

“போயிட்டுதுங்க ஐயா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதை அடிக்கிறதுக்கு உங்க உடம்பு ஒரு படையைக் கிளப்பிச்சே, அது இன்னும் கலையல. எதிரி போனப்புறமும் நின்னு உங்க நுரையீரலையே அடிச்சுக்கிட்டு இருக்கு. வயசானவங்க, அதுலயும் ஆக்சிஜன் வரைக்கும் போய் வந்தவங்க, சில பேருக்கு இப்படி ஆவுது. உள்ளுக்குள்ள வீக்கம்.”

“எந்த எடத்துல?”

“நுரையீரல்லதான் ஜாஸ்தி. ரத்தத்தைப் பார்த்தா உடம்பு பூராவுமே கொஞ்சம் இருக்கு.”

அழற்சி என்று சொல்லியிருக்கலாம். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அழற்சி என்றால் யாருக்கும் புரிவதில்லை, வீக்கம் என்றால் எல்லோருக்கும் புரிகிறது என்று அந்த டாக்டர் பெண் அனுபவத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். பாவம், புரிந்துவிடுவதில் உள்ள ஆபத்து அவருக்கு அதுவரை தெரியாது.

மாத்திரை எழுதினார். தினம் காலையில் சாப்பிட்டபின் நான்கு. சில வாரம் கழித்து மூன்றரை, பிறகு மூன்று, அப்படியே படிப்படியாக. எழுதி முடித்துவிட்டு அன்னபூரணியைப் பார்த்துச் சொன்னார்: “நல்லா கேட்டுக்கங்கம்மா. இதை நாங்கதான் குறைக்கணும். இவரா திடீர்னு நிறுத்துனாருன்னா, உயிருக்கே ஆபத்தாப் போயிடும்.”

அன்னபூரணி அந்த வாக்கியத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். அவரோ உடம்பு பூராவும் என்பதை முடிந்துகொண்டார்.

திருஞானசம்பந்தம் முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். காரைக்காலைச் சுற்றி அவர் டேப் படாத வாய்க்கால் இல்லை. குரும்பகரத்தில் ஒரு மதகுச் சுவர் மூன்று அங்குலம் குறைந்தது என்று கருப்பையன் என்ற காண்டிராக்டரை இடித்துக் கட்ட வைத்தவர். கருப்பையன் காலில் விழுந்தார், கண்ணீர் விட்டார், வாழைத்தார் கொண்டுவந்தார். வாழைத்தாரை இவர் எடை போட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு, இடி என்றார். தன்னை அளவில் ஏமாற்றியவன் இன்னும் பிறக்கவில்லை என்பதுதான் அவர் ஓய்வுபெறும்போது கொண்டுவந்த ஒரே சொத்து. கண்ணால் கண்டதை நம்பமாட்டார், காதால் கேட்டதை நம்பமாட்டார். டேப் சொன்னால் நம்புவார்.

ஆகவே மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, அன்னபூரணியின் தையல் பெட்டியிலிருந்து துணி டேப்பை எடுத்தார். நீள நோட்டு ஒன்றின் அட்டையில் ‘எம்-புக்’ என்று எழுதினார். வேலை நடந்த இடத்தில் எடுத்த அளவுகளைப் பதியும் புத்தகத்துக்கு அவர் துறையில் அதுதான் பெயர்.

“பூரணி, இந்த முனையைப் புடி.”

பூஜ்யம் இருக்கிற முனையைப் பிடிப்பது கலாசியின் வேலை. ஆபீசில் அதற்கு மாரிக்கண்ணு என்று ஒரு ஆள் இருந்தார். இங்கே அன்னபூரணி. கணுக்கால், கெண்டைக்கால், வயிறு, கழுத்து, கடைசியில் முகம். முகத்துக்கு வலது காதிலிருந்து மூக்கின் மேலாக இடது காது வரை. கண்ணாடியைக் கழற்றினால்தான் டேப் முகத்தில் படியும். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் யானை நின்றாலும் தெரியாது. எனவே இடது காதருகே டேப்பை விரலால் கிள்ளிப் பிடித்து, எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிப்பார். இருபத்தெட்டு புள்ளி இரண்டு சென்டிமீட்டர். தேதி போட்டு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

மாத்திரை வேலை செய்தது. ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்றது. பத்து நாளில் வாசல் வரை நடந்தார். பசி வந்தது பாருங்கள், அது ஒரு பசி. எட்டு இட்லி தின்றுவிட்டு அடுத்து என்ன என்பார். அன்னபூரணிக்கு மாவரைத்தே தோள் இற்றுப்போயிற்று, ஆனால் மனசு நிறைந்திருந்தது. மூன்றாவது வாரம் முகம் உப்ப ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் பூரி மாதிரி ஆகி, கண் சிறுத்துப் போயிற்று. ஊர் சும்மா இருக்குமா. எதிர்வீட்டு சஃபியுல்லா கேட்டுக்கு வெளியே நின்றபடி சொன்னார்: “மாஷா அல்லா, ஓவர்சியரய்யா மொகத்துல சதை புடிச்சிட்டுது. மாப்புள்ள கணக்கால்ல இருக்கீங்க.”

எல்லோரும் தேறிவிட்டார் என்றார்கள். டேப் மட்டும் வேறு சொன்னது. முப்பது புள்ளி ஒன்பது.

“வீக்கத்துக்குன்னு மாத்திரை குடுத்தாங்க,” என்றார் அன்னபூரணியிடம். “மாத்திரை சாப்புடறதுக்கு முன்னாடி வீக்கம் இல்ல. சாப்பிட்டப்புறம் ரெண்டு புள்ளி ஏழு சென்டிமீட்டர் வீக்கம். நீயே சொல்லு.”

“டாக்டரைக் கேப்போங்க.”

“சிமெண்டுல மண்ணு கலந்திருக்குதான்னு காண்டிராக்டரையே கேக்கச் சொல்றியா?”

அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காலையில் அவள் கொடுக்கும் மூன்றரை மாத்திரையையும் வாங்கிக்கொண்டு தண்ணீர்ச் சொம்போடு உள்ளே போய்விட்டு வருவார். டேப் தினமும் இறங்கியது. முப்பது புள்ளி ஐந்து, முப்பது. அவர் சந்தோஷமாக இருந்தார். ஆறாம் நாள் காலை குளியலறையில் வாந்தி எடுத்து, அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது, மூச்சு இழுத்தது. சஃபியுல்லாதான் ஆட்டோ பிடித்து, கூடவே தாங்கிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு வேட்டி எடுக்க அலமாரியைத் திறந்தபோது அன்னபூரணிக்கு ஒரு பழுப்புக் கவர் கிடைத்தது. உள்ளே பதினேழரை மாத்திரை. மேலே அழகான கையெழுத்தில் ‘தரம் குறைந்த பொருள் – சாம்பிள்’ என்று எழுதி, தேதி போட்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் வாய்விட்டு அழுதாள். பிறகு வேட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

எட்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் உமாமகேஸ்வரி இந்தத் தடவை பொறுமையாகப் பேசவில்லை. அந்த மாத்திரை சாப்பிட்டால் முகம் உப்பத்தான் செய்யும், அது வேறு, உள்ளே இருக்கிற வீக்கம் வேறு, அதற்கு டேப் கிடையாது, இன்னொரு தடவை நிறுத்தினால் தன்னிடம் கொண்டுவர வேண்டாம், கொண்டுவர நேரமும் இருக்காது என்றார். அவர் படுத்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படுத்திருக்கும்போது அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்து எழுந்து உட்கார்ந்த மறுநாளே எம்-புக்கைத் தேடினார்.

மறுபடியும் நான்கு மாத்திரை. அன்னபூரணி எதிரிலேயே நின்று, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். பத்து நாள் போயிற்று. முப்பது புள்ளி ஆறு.

“மறுபடி ஏறுது, பாத்தியா? இந்த வாரம் பாப்பேன். அப்புறமும் எறங்கலேன்னா தொடமாட்டேன். வாயைக் கிளறிப் பாப்பியா? பாத்துக்க.”

அவள் கெஞ்சினாள். பெங்களூரில் இருக்கும் மகன் அஷ்வின் போனில் சத்தம் போட்டான். போனை வாங்கி, டேப் முப்பது புள்ளி ஆறு காட்டுகிறது என்று மகனிடம் அமைதியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்னபூரணிக்குப் பயமாக இருந்தது. அவர் இல்லாவிட்டால் பூவும் பொட்டும் போய்விடும் என்பதெல்லாம் இல்லை. இத்தனை வருடம் கோபித்துக்கொண்ட மனுஷன் இல்லாமல் காலையில் எழுந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று காலை டேப்பின் முனையை வாங்கினாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவள் சுண்டுவிரலை அவருடைய வலது காதில் தொட்டபடி வைத்துக்கொண்டு, பூஜ்யத்தை ஒரு விரற்கடை முன்னால் தள்ளி, கன்னத்தில் அழுத்தினாள். காதில் படும் விரலை நம்பி அவர் இடது காதருகே கிள்ளிப் பிடித்தார். கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

“இருபத்தொம்போது புள்ளி ரெண்டு,” என்றார். பிறகு இன்னொரு தடவை படித்தார். “எறங்கிட்டுது, பூரணி.”

“புது மாத்திரை அட்டைங்க இது. முந்தி வாங்குனது பழைய சரக்கா இருக்கும்.”

“நான் அப்பவே சொல்லலியா, பொருள் சரியில்லன்னு.” மாத்திரையை அவரே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அன்னபூரணி தேர்ந்துவிட்டாள். ஒரேயடியாக இறக்கினால் சந்தேகம் வரும் என்று பத்து நாளைக்கு ஒரு தடவை ஒரு மில்லிமீட்டர் ஏற்றியும் காட்டினாள். கருப்பையனுக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்திருந்தால் அந்த மதகுச் சுவர் தப்பித்திருக்கும். முகம் பூசணிக்காய் மாதிரி இருந்தது, எம்-புக்கில் இருபத்தெட்டு புள்ளி மூன்று இருந்தது. அவர் நிலைக்கண்ணாடியைப் பார்த்துவிட்டு எம்-புக்கைப் பார்த்து, எம்-புக்கையே நம்பினார். மூச்சு சீராயிற்று. டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் நல்லபடியாக நடந்தது, அவளுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்த மனுஷனிடம் இருந்தது ஒரு கர்வம். அதைத் தன் கையாலேயே தினம் காலையில் கிள்ளி எடுக்கிறோம் என்று இருந்தது. பரவாயில்லை, உயிரோடு இருக்கட்டும், நான் அல்லவா பாவத்தைச் சுமக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள்.

இதற்கிடையில் சஃபியுல்லாவுக்குக் கொரோனா வந்துபோயிருந்தது. அவரும் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார். திரும்பி வந்த பிறகு அவருக்கும் அதே காய்ச்சல், அதே இழுப்பு, அதே டாக்டர், அதே மாத்திரை. முப்பது வருடம் துபாயில் வேலை பார்த்துவிட்டு வந்த அறுபத்தெட்டு வயசுக்காரர். அவருடைய ஒரே நம்பிக்கை எதிர்வீட்டு ஓவர்சியர் பிழைத்து எழுந்ததுதான். ஓவர்சியருக்குக் கேட்க வேண்டுமா. எம்-புக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்து போய், கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி வகுப்பே எடுத்தார். தையல் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி, காதிலிருந்து காது வரை எப்படிப் பிடிப்பது என்று சஃபியுல்லாவின் மனைவி அமீர் நிஷாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த நேரம் அன்னபூரணி பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரருக்குத் தைரியம் சொல்லப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

ஒரு காலை, எட்டரை மணி இருக்கும், அமீர் நிஷா புருஷனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். சஃபியுல்லா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். முகம் உப்பியிருந்தது, ஆனால் உதடு வெளுத்திருந்தது. நிஷா கையில் ஒரு தாள்.

“அய்யா, நீங்க சொன்ன மாதிரியே தெனம் அளந்து எழுதிட்டு வாறேன். உங்களுக்கு மாத்திரையில எறங்குச்சு. இவஹளுக்கு ஏறிக்கிட்டேல்ல இருக்கு. இந்த மாத்திரை இவஹளுக்குச் சேரலன்னு முந்தாநாளோட நிறுத்திட்டோம்.”

திருஞானசம்பந்தம் தாளை வாங்கிப் பார்த்தார். எம்-புக்கைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். “சரியாத்தான் செஞ்சிருக்கீங்கம்மா. டேப்பு பொய் சொல்லாது.”

காப்பித் தம்ளரோடு வந்த அன்னபூரணி அப்படியே நின்றாள். “வாந்தி எடுத்தாங்களா, நிஷா?”

“காலையிலேந்து ரெண்டு தடவ, அக்கா. எழும்பி நிக்க முடியலேங்கிறாஹ.”

அன்னபூரணிக்குக் குளியலறைத் தரையும் சில்லிட்ட உடம்பும் பழுப்புக் கவரும் ஒன்றாக ஞாபகம் வந்தன. நிஷாவைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். சொன்னால் நிஷா நம்புவாளா, அந்த நோட்டை நம்புவாளா. சஃபியுல்லாவின் தலை ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பித்திருந்தது. தம்ளரை மேஜையில் வைத்தாள்.

“நிஷா, அந்த நோட்டுல இருக்கறது எல்லாம் பொய் அளவு. இவரு எழுதுனது சரியாத்தான் எழுதுனாரு. நான்தான் டேப்பைத் தள்ளிப் புடிச்சேன். இவரு மொகம் எறங்கவே இல்ல, கண்ணாலயே பாரு. மாத்திரையைச் சாப்பிட்டுத்தான் பொழைச்சாரு. நிறுத்தினதாலதான் அன்னிக்கி விழுந்தாரு. உடனே கொண்டு போ.”

நிஷா அவளையும் ஓவர்சியரையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்னபூரணி தரையைப் பார்த்தாள். அவர் கத்துவார், நோட்டை விட்டெறிவார், இனி ஜன்மத்துக்கும் தன் கையால் ஒரு மாத்திரை வாங்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

திருஞானசம்பந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

“எனக்குத் தெரியும்,” என்றார். “நான்தான் அப்படிப் புடிக்கச் சொன்னேன்.”

அன்னபூரணி நிமிர்ந்தாள். அவருடைய காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“மனசுக்குத் தைரியம் வேணும்ல, அதுக்காகச் செஞ்ச ஏற்பாடு. உங்ககிட்ட சொல்ல விட்டுப்போச்சு, என் தப்புதான். இந்த மாத்திரைக்கு மூஞ்சி வீங்கத்தான் செய்யும்மா. பூரணி, டாக்டரம்மாவுக்கு போன் போடு. நான் ஆட்டோ புடிக்கிறேன்.”

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கிப் போனார். ஆட்டோ வந்தது. நான்கு பேரும் போனார்கள். டாக்டர் திட்டியது போதாதென்று நர்சும் திட்டினார். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, பத்து மணி வாக்கில் சஃபியுல்லா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். இன்னும் அரை நாள் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், நிஷாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திருஞானசம்பந்தம் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து எம்-புக்கைத் திறந்தார். அன்னபூரணி காலையில் சுட்டு ஆறிப்போன தோசைக்குப் பதில் புதிதாக இரண்டு ஊற்றி எடுத்து வந்தாள். தின்றார். கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் அதே நோட்டு.

“எந்தத் தேதிலேந்து?”

“ஆடிப் பதினெட்டுலேந்து.”

விரலை வைத்து எண்ணினார். “முப்பத்தஞ்சு அளவு. முப்பத்தஞ்சுலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். ஒண்ணுகூடத் தெரியலியே எனக்கு.”

அவள் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“நீ சரியாப் புடிச்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன்.”

“ஆமாங்க.”

“நிறுத்தியிருந்தா?”

சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. அவர் காத்திருந்தார். பதில் வரும்வரை விடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

“இருந்திருக்க மாட்டீங்க,” என்றாள்.

அவர் நோட்டை மூடினார்.

“இன்னிக்கி எத்தனை மாத்திரை?”

“ரெண்டரை.”

கையை நீட்டினார். அவள் வைத்ததை எண்ணிப் பார்க்காமல் வாயில் போட்டுக்கொண்டார்.